கார்டில் ஏழு மணி

கூலிம்
7 செப்டம்பர், ஞாயிறு

மதிப்பிற்குரிய திருமதி சண்முகவள்ளி அவர்களுக்கு,

தங்கள் மகள் யோகேஸ்வரியின் கல்யாண கார்டு கிடைத்தது. தபால்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலேயே கேட்டுக்குள் வீசிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு நாய் முதலில் படித்தது; மிச்சத்தை நான் படித்தேன். உறைமேல் ‘திரு. சத்தியசீலன் குடும்பத்தார்’ என்று கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியிருந்தது.

நான் உன் கூடப் பிறந்த தம்பி. பெண்ணுக்குத் தாய்மாமன். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்து, நீயும் அத்தானும் நேரில் வந்து, ‘நீதான் முன்னால் நின்று நடத்த வேண்டும்’ என்று சொல்லிக் கையில் கொடுப்பது நம் வழக்கம். நீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கிறாய். தண்ணீர் பில்லும் எனக்கு இப்படித்தான் வருகிறது. அதை நான் நேரில் போய்க் கட்டுவதில்லை, ஆன்லைனில் கட்டுகிறேன். அடுத்த ஞாயிறு கல்யாணத்துக்கும் அப்படியே வருவதாக உத்தேசம்.

நிச்சயதார்த்தத்தில் நான் செய்த குற்றம்தான் என்ன? கார்டில் ஏழு மணி என்று போட்டாய். ஏழு போய் எட்டும் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. குழந்தைகள் அழுதன. சர்க்கரைக்காரர்கள் நாற்காலியில் சாய ஆரம்பித்தார்கள். அதில் நானும் ஒருவன். எழுந்து போய்ச் சாப்பாட்டு மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான். ஜனம் பாய்ந்தது. ஒன்பது மணிக்கு ஆடி அசைந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குத் தயிர்ச் சாதமும் ஊறுகாயும்தான் மிஞ்சியது. தாமதமாக வந்தவர்களை விட்டுவிட்டு, மண்டபம் நிறைந்த ஜனத்துக்கு முன்னால் நீ என்னைப் பார்த்து, “இவன் தாய்மாமனா, பந்திக்கு வந்த பட்டினிப் பிசாசா?” என்று கேட்டாய். அன்று இரவே நீ என் போன் எண்ணைத் தடுத்தாய். நான் உன் எண்ணைத் தடுத்தேன். எண் தடுக்கப்பட்டவர்களுக்கு இன்றைக்குச் சின்னையாதான் கதி. உங்கள் பண்டார் பாருவிலிருந்து எங்கள் ஊர் ஹைடெக் தொழிற்பூங்காவுக்குத் தினமும் ஆள் ஏற்றி இறக்கும் அவன் வேனில்தான் இது வருகிறது. உறையை நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் சின்னையா படித்துவிட்டான் என்று பொருள். அவன் அபிப்பிராயத்தையும் கேட்டு எழுது.

எனக்கு இந்த வாரம் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை. பள்ளியில் செயல்திட்ட வாரம், இன்று ஞாயிறே தொடங்கிவிட்டது; எங்களுக்கு வெள்ளியும் சனியும்தானே விடுமுறை. வியாழன் வரைக்கும் பாடப்புத்தகம் கிடையாது. பிள்ளைகளே ஒரு பிரச்சினையைப் பிடித்து, அவர்களே ஆராய்ந்து, அவர்களே தீர்வு சொல்ல வேண்டும். வியாழக்கிழமை கல்வி அதிகாரி வந்து பார்ப்பார். மேலிடத்தில் யாரோ நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்தது எங்கள் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் பிளாஸ்டிக் போத்தலில் ரோஜாப்பூவாகிவிட்டது. போன வருடம் என் வகுப்பு ரோஜா செய்தது. அதற்கு முந்தைய வருடமும் ரோஜாதான். கலர் மட்டும் வேறு. ஒருங்கிணைப்பாளர் ரவிச்சந்திரன் சாருக்கு மினுமினுப்புத் தூள் ஒட்டாத எதுவும் கல்வி ஆகாது.

இந்த முறை என் இரண்டாம் படிவத்துப் பதினாலு வயதுப் பிள்ளைகளிடம் சும்மா கேட்டேன், “உங்க வாழ்க்கைல நெஜமா இருக்கற ஒரு பிரச்சினையச் சொல்லுங்க.” கடைசி வரிசையிலிருந்து நளினி என்ற பெண் எழுந்தாள்.

“சார், கல்யாணத்துல சோறு லேட்டாத்தான் போடறாங்க. பசிக்குது சார்.”

வகுப்பே மேசையைத் தட்டியது. ‘நம் கல்யாண விருந்து ஏன் கார்டில் போட்ட நேரத்துக்குத் தொடங்குவதில்லை?’ தலைப்பு முடிவாகிவிட்டது. உன் நினைவாக இல்லை, பயப்படாதே.

இப்படிக்கு,
தபாலில் அழைக்கப்பட்ட
சத்தியசீலன்


பண்டார் பாரு
8 செப்டம்பர், திங்கள்

தம்பி சத்தியசீலனுக்கு,

பசை நன்றாகவே ஒட்டியிருந்தது. சின்னையா பிரிக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தானாம். ‘சார் நல்லா எழுதறாரு லா’ என்றான். உனக்கு ஒரு வாசகன் கிடைத்துவிட்டான், சந்தோஷப்பட்டுக்கொள்.

தட்டு வரவில்லை என்று அழுகிறாயே, தட்டு எடுத்துப் போவதற்கு அந்த வீட்டில் ஒரு மாமன் இருக்க வேண்டும் அல்லவா? அன்று நீ மூடியைத் திறந்ததோடு விட்டாயா? கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, “வாங்க வாங்க, வராதவங்களுக்காக வயித்தக் காயப் போடாதீங்க” என்று கூவிக் கூவிப் பரிமாறினாய். ஆட்டுக்கறியில் இரண்டாவது தடவை யார் போட்டுக்கொண்டது என்று எனக்குத் தெரியாதா? சர்க்கரைக்காரர்களாம். உன் சர்க்கரை ஜாங்கிரியைக் கண்டால் மட்டும் லீவு போட்டுவிடும்.

மாப்பிள்ளையின் அம்மா குணவதி பாலிங் ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். “எங்க வீட்டுல பூனைக்குக்கூட மீன் தலை வெப்போம் சம்பந்தி.” இதை நான் ஒவ்வொரு போனிலும் கேட்க வேண்டும். நீ கூலிமில் உட்கார்ந்து பிள்ளைகளை மேசையைத் தட்டவிட்டுக்கொண்டிருக்கிறாய். பசிக்குதாம், அது ஒரு பாடமாம். எங்கள் காலத்தில் பள்ளியில் பசித்தால் தண்ணீர் குடித்தோம். அதற்கு அதிகாரி வந்து பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் உனக்காக இல்லை, என் மகளுக்காக எழுதுகிறேன். யோகேஸ்வரி, ‘சத்தியா மாமா கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போகாம நான் மணவறைக்கு வர மாட்டேன்’ என்று மூன்று வேளையும் அழுகிறாள். நகை பார்க்கப் போன இடத்திலும் அழுதாள். கண் வீங்கி, மேக்கப் போடுகிற மோகனா கூடுதல் காசு கேட்கிறாள். இந்தப் புத்தி அவளுக்கு உன் பக்கத்திலிருந்துதான் வந்தது.

நீ வந்தால் வா. வராவிட்டால் நம் பெரியப்பா மகன் பிச்சை அண்ணனை மாமனாக நிறுத்துவேன். அவருக்குக் காது கேட்காது, முழங்கால் மடங்காது. ஆனாலும் கரண்டியைத் தொட மாட்டார்.

அக்கா
சண்முகவள்ளி


கூலிம்
9 செப்டம்பர், செவ்வாய்

அக்காவுக்கு,

பிச்சை அண்ணனை நிறுத்து. நல்ல தேர்வு. அவர் கடைசியாக ஒரு கல்யாணத்தில் பெண்ணின் கையைப் பிடித்து நடந்தபோது பெண்தான் அவரைக் கூட்டிப் போனாள். சுற்றிவிட்டு ஐயர் பக்கத்தில் அவரே உட்கார்ந்துவிட்டார். யோகேஸ்வரியிடம் சொல், அழ வேண்டாம் என்று. அவள் மாமன் ஒரு மாமன்தான். அழைப்பில்தான் கோளாறு.

என் பிள்ளைகள் இரண்டு நாளாக ஊரையே விசாரிக்கிறார்கள். நான் பள்ளி வேனை ஓட்டிக்கொண்டு பின்னால் போகிறேன். ஆசிரியர் வழிகாட்டி மட்டுமே என்று பயிற்சியில் சொன்னார்கள். டிரைவர் என்பதை நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் மண்டபத்து மேலாளர். “நாங்க ஆறுக்கே ரெடி தம்பி. மேக்கப்தான் லேட்டு.” பிறகு உங்கள் மோகனா. “மேக்கப் அஞ்சுக்கே முடிஞ்சிரும். கேமராமேன் பொண்ண ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய் மரத்தக் கட்டிப்புடிக்க வெக்கிறான்.” கேமராமேனோ, “நான் ஏழுக்கே கொண்டாந்து விட்டுட்டேன். உள்ள ஆளே இல்ல. காலி நாற்காலிய படம் புடிக்கவா?” என்றான். விருந்தாளிகளைக் கேட்டால், “சீக்கிரம் போனா மானம் போயிரும் லா. சோத்துக்கு வந்தவன்னு நெனைப்பாங்க.” சோற்றுக்கு வராமல் வேறெதற்கு வருகிறார்கள் என்று நளினி கேட்டாள்.

ஆக, எல்லாரும் தாமதமாக வருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் தாமதமாக வருகிறார்கள். பெரியவர்கள் நாம் நாற்பது ஐம்பது வருடமாக இதைக் கௌரவம் என்று நினைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறோம்.

ரவிச்சந்திரன் சார் வகுப்புக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார். “மாடல் எங்க சார்? பாலிஸ்டைரின்ல ஒரு மண்டபம் செஞ்சு, லைட் போட்டுருங்க. வர்ற அதிகாரிக்குக் கண்ணுக்குத் தெரியணும்.” பிள்ளைகள் கண்டுபிடித்தது கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் மினுமினுப்புத் தூள் போட்டுக் காட்டச் சொன்னார்.

இப்போது அவர்களுக்கு இந்த வாரமே கல்யாணம் வைத்திருக்கிற ஒரு வீடு வேண்டுமாம். வீட்டுக்காரர்களைக் கேள்வி கேட்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்து அப்படி இருப்பது ஒரு வீடுதான். கார்டைக் கொடுத்துவிட்டேன். நாய் கடித்த மூலை போக எண்கள் எல்லாம் தெளிவாகவே இருக்கின்றன. நான் உன்னோடு பேச மாட்டேன், அவர்கள் பேசுவார்கள். நயமாகப் பேசு. உன் பதிலுக்கு மதிப்பெண் உண்டு.

சத்தியசீலன்


பண்டார் பாரு
10 செப்டம்பர், புதன் காலை

சத்தியசீலா,

உன் வகுப்பில் பிள்ளைகளை வளர்க்கிறாயா, போலீஸ்காரர்களையா?

நேற்றுச் சாயங்காலம் நான் முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த நளினி கூப்பிட்டாள். குரலில் என்ன மரியாதை, என்ன மரியாதை.

“வணக்கம் ஆண்டி. கார்டுல ஏழு மணின்னு போட்டிருக்கீங்க. அந்த ஏழு யாருக்கு ஆண்டி?”

“எல்லாருக்கும்தாம்மா.”

“அப்பச் சோறு எத்தன மணிக்கு?”

“எல்லாரும் வந்தப்பறம்.”

“எல்லாருன்னா யாரு ஆண்டி?”

“மாப்பிள வீடு, பெரிய மனுஷங்க, சட்டமன்ற YB யாராச்சும் வந்தா அவங்க.”

“அவங்களுக்கும் ஏழுன்னுதான் சொன்னீங்களா?”

அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். எண்ணெய் அப்போது போத்தலில்தான் இருந்தது. அது உன் ஆராய்ச்சிக்குத் தேவையில்லாதது.

அதோடு விட்டார்களா? கார்டில் மாப்பிள்ளை வீட்டு எண்ணும் இருக்கிறது. குணவதியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் எனக்குப் போன் அடித்து, “என்ன சம்பந்தி, கல்யாணத்துக்கு முன்னாடியே பரீட்சை வெக்கிறீங்க?” என்று கேட்டாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்க மாட்டேன். பிள்ளைகளைக் கட்டி வை. போத்தலில் ரோஜாப்பூ செய்யச் சொல். அது யாருக்கும் கெடுதல் செய்யாத பூ.

சண்முகவள்ளி


கூலிம்
10 செப்டம்பர், புதன் சாயங்காலம்

அக்கா,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

குணவதி அம்மாள் என் பிள்ளைகளிடம் சொன்னது இது: “எங்களுக்கு ஒம்போது மணின்னுதான் சொன்னாங்கம்மா. நிச்சயத்துக்கும் சம்பந்தி அப்படித்தான் போன் போட்டாங்க. ஏழுன்னு போட்டாலும் ஆளுங்க எட்டரைக்குத்தான் வருவாங்க, நீங்க வந்து காத்துக்கிட்டு நின்னா மரியாதையா இருக்காதுன்னாங்க. நாங்க ஒம்போதுக்குக் கரெக்டா போனோம். சோறுதான் போயிருச்சு.”

வகுப்பில் இதை நளினி வாசித்தாள். பிறகு கேட்டாள்.

“சார், உங்களுக்கு எத்தன மணின்னு சொன்னாங்க?”

“ஆறு.”

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ரோஜாக்கள் ஆடியிருக்கும். தம்பி எப்போதும் தாமதமாக வருகிறவன், அதனால் அவனுக்கு ஆறு. ஊருக்கு ஏழு. சம்பந்திக்கு ஒன்பது. ஒரே விருந்துக்கு நீ மூன்று கடிகாரம் ஓட்டியிருக்கிறாய். நான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொன்ன நேரத்துக்கு வந்தேன். வந்ததற்குத் தண்டனையாகப் பசித்தேன்.

ஆக, நான் தயிர்ச் சாதம் போட்டு அவமானப்படுத்தியது தாமதமாக வந்தவர்களை இல்லை. அந்த மண்டபத்திலேயே என்னைத் தவிரச் சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே குடும்பத்தை. இது தெரிந்தும் நீ என்னைப் பிசாசு என்று சொல்லிவிட்டு, அவர்கள் பூனைக் கதையையும் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாய். உன் மகள் என்னால் அழவில்லை, உன் போன் பேச்சால் அழுகிறாள்.

நாளை எட்டரைக்குப் பள்ளி மண்டபத்தில் பிள்ளைகளின் படைப்பு. உண்மையான வீட்டுக்காரர் ஒருவர் வந்து கேட்க வேண்டும் என்று உனக்கும் அழைப்பு எழுதியிருக்கிறார்கள். கூட வைத்திருக்கிறேன். நீ வர மாட்டாய் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். வருகிறவள் என்றால் முந்தியே வந்திருப்பாய்.

சத்தியசீலன்


பண்டார் பாரு
11 செப்டம்பர், வியாழன் சாயங்காலம்

சத்தியசீலனுக்கு,

வந்தேன். நீ இல்லை.

எட்டரை என்றார்கள், எட்டரைக்கு உன் அத்தானோடு உன் பள்ளி மண்டபத்தில் நின்றேன். கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, தேங்காய், சீப்பு வாழைப்பழம், உனக்கு வேட்டி, உன் பெண்டாட்டி தேவகிக்குப் புடவை. ஒரு மேசை நிறைய போத்தல் ரோஜா, ஒரு மேசையில் எரிமலை, ஒரு மேசையில் பாலிஸ்டைரின் வீட்டுக்குள் எரியாத பல்பு. நடுவில் நான் தட்டோடு. என்னையும் ஒரு செயல்திட்டம் என்று நினைத்து ஓர் ஆசிரியை படம் எடுத்துக்கொண்டாள். ‘சத்தியசீலன் எங்கே’ என்று கேட்டதற்கு உன் ரவிச்சந்திரன், “பல் வலின்னு போனாரு” என்றார். நேற்று வரைக்கும் கடிதத்தில் என்னைக் கடித்த பல்லுக்கு இன்றைக்கு என்ன வலி என்று தெரியவில்லை.

அதிகாரி வந்தபோது பத்தைத் தாண்டிவிட்டது. அதுவரைக்கும் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். உன் வகுப்பு முறை வந்தது. அந்த நளினி, பார்ப்பதற்குப் பென்சில் மாதிரி இருக்கிறாள், மலாய் மொழியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசினாள். மூன்று கடிகாரமும் வந்தன. பெயர் சொல்லவில்லை. ‘ஒரு வீட்டில்’ என்றாள். அந்த நாகரிகம் உன்னிடம் படித்து வந்திருக்காது.

கடைசியில் சொன்னாள், “இன்னிக்கும் அழைப்புல எட்டரைன்னு இருந்திச்சு. அதிகாரி துவான் பத்துக்கு அப்பறம் வந்தாங்க. துவான் மேல தப்பு இல்ல. ஸ்கூல்ல அவங்களுக்குப் பத்துன்னுதான் சொன்னாங்களாம். டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டோம். அதையும் சேத்துக்கிட்டோம்.”

ரவிச்சந்திரன் சார் கை தட்ட ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். இரண்டு கையும் காற்றிலேயே நின்றன. அதிகாரி அவரைப் பார்த்தார். பிறகு மலாயில், ‘எனக்குப் பத்து என்றுதான் சொன்னார்கள், உண்மைதான்’ என்றார். முன்வரிசை முழுக்கத் தரையைப் பார்த்தது.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பெரிய படிப்புப் படித்தவர்களும் என்னைப் போலத்தான் போன் போடுகிறார்கள்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஆண்டி, ஞாயித்துக்கிழம எல்லாருக்கும் ஒரே நேரம் சொல்வீங்களா?”

அத்தனை பேர் பார்க்கிறார்கள். “சொல்றேன்மா. ஏழரைக்குச் சோறு.”

“YB வராட்டியும்?”

“வராட்டியும்.”

“மாப்பிள வீடு வராட்டியும்?”

“அவங்களுக்கு ஏழுன்னு நானே சொல்லிருவேன்.” சொல்லியும்விட்டேன், பள்ளி வாசலிலிருந்தே. குணவதி மறுபடி சிரித்தாள். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

நான் முன்பு ஒன்பது என்று சொன்னேன் என்று எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை, அதைக் கவனி. இவ்வளவு தெளிவாகப் பேசும் பிள்ளைகள், நீ வகுப்பில் இல்லாத நேரத்தில் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

தட்டை உன் மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் ரவிச்சந்திரன். மேசைக்கா நான் தாய்மாமன் முறை சொல்ல வந்தேன்? கையில் கொடுப்பதென்றால் கையில்தான். திருப்பி எடுத்து வந்துவிட்டேன். வழி நெடுக அத்தான் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாளை மறுபடி வருகிறேன். வீட்டில் இரு. நாளையும் நீ இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை என் மகள் கையைப் பிச்சை அண்ணன்தான் பிடிப்பார். அவள் அழுதால் அழட்டும்.

அக்கா


கூலிம்
12 செப்டம்பர், வெள்ளி காலை

அக்கா,

பல் வலி பொய். நீ பள்ளி மண்டபத்தில் தட்டோடு நின்ற அதே நேரத்தில் நான் உன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எட்டரை என்றால் அதிகாரி எப்படியும் பத்துக்குத்தான் வருவார், அதற்குள் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு வாரமாகப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடத்தில் நான் எவ்வளவு தேறினேன் என்று இதிலேயே தெரிந்துகொள். வழியில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததால் திரும்பி வரவும் நேரமாகிவிட்டது. என் வகுப்பின் படைப்பை நான் பார்க்கவில்லை. நளினி, “பரவால்ல சார், நீங்க லேட்டா வருவீங்கன்னு தெரியும்” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எதற்கு வந்தேன் என்று கேட்காதே. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை. குணவதி அம்மாளிடம் நேற்றே பேசிவிட்டேன். அவர் என்னை மன்னித்தார், உன்னைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றார். உன் வீட்டுக்கு வந்தது, தட்டு இல்லாமலேயே யோகேஸ்வரியின் கையைப் பிடிக்க வருகிறேன் என்று சொல்லத்தான். கேட்டில் பூட்டு. உன் பக்கத்து வீட்டு மருதம்மாள் தேத்தண்ணி கொடுத்து, நீ பட்டுப் புடவை கட்டிக்கொண்டு காரில் ஏறியதை விவரமாகச் சொன்னார். எங்கே போனாய் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. கோயிலுக்கு என்று நினைத்தோம். நீ என்னைத் தேடிப் போவாய் என்று எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

உன் கடிதத்தை இப்போதுதான் சின்னையா கொடுத்தான். அவன் முகத்தைப் பார்த்தாலே படித்துவிட்டான் என்று தெரிகிறது. பதிலை எடுத்துப் போக வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறான்.

எத்தனை மணிக்கு வருகிறாய் என்று நீ எழுதவில்லை. நல்லது, எழுதாதே. எழுதினால் அது யாருக்குச் சொல்கிற மணி என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். தேவகி குளித்துவிட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். நான் நாற்காலியைக் கேட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைக்கு ஆள் வேண்டுமென்றால் தேவகி போவாள். நானும் உன்னைத் தேடிக் கிளம்பி, பாதி ரோட்டில் இரண்டு காரும் ஒன்றையொன்று கடந்து போகிற கூத்து இன்னொரு தடவை வேண்டாம்.

நான் நகரவில்லை. நீ வா.

தம்பி